மூன்று சனிக்கிழமை

உட்காருங்க அக்கா. இங்கே யாரும் வரவில்லை, பிள்ளையைப் படுக்க வைக்கத்தான் பையை வைத்திருந்தேன். மடியில் போட்டுக்கொள்கிறேன். தூக்கத்தில் காலை உதைப்பாள், தப்பா எடுத்துக்காதீங்க. பேர் மிதுனா. ரெண்டு வயசு முடிந்து நாலு மாசம்.

திருப்பூருக்குத்தான். கம்பெனி ஹெட் ஆபீசுக்கு. பத்தரை மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். ஒன்றுமில்லை, சும்மா ஒரு விசாரணை. நாலு கேள்வி கேட்பார்களாம், பதில் சொல்லிவிட்டு வந்துவிடலாமாம். எச்.ஆர். சார் அப்படித்தான் சொன்னார்.

நான் யாரிடமும் இப்படி வலியப் பேசுகிற ஆள் இல்லை, அக்கா. எங்கள் வீட்டுக்காரர் பார்த்தால் நம்பமாட்டார். "வாய்க்குள்ள என்ன கொழுக்கட்டையா வச்சிருக்கற?" என்று கேட்கிற மனுசர் அவர். நேற்றுச் சாயந்திரத்திலிருந்து உடம்பே மரத்த மாதிரி இருக்கிறது. பல் டாக்டர் ஊசி போட்டால் கன்னம் இருக்குமே, அந்த மாதிரி. கிள்ளினால்கூடத் தெரியாது. அதனால்தானோ என்னவோ பேச்சு வருகிறது.

எனக்கு ஒடியா தெரியும். ஆமாம், ஒடிசாக்காரர்கள் பேசுகிற பாஷை. எங்கப்பா திருச்செங்கோட்டு போர் வண்டியில் சமையல்காரர். போர் போடுகிற லாரி எந்த ஊருக்கெல்லாம் போகும் என்று உங்களுக்குத் தெரியும். அப்பாவுடைய வண்டி ஒடிசாவுக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டது. எனக்கு நாலு வயசாக இருக்கும்போது அம்மாவையும் என்னையும் கூட்டிக்கொண்டார். அஞ்சாவது வரைக்கும் அங்கேதான் படித்தேன். அப்புறம் இங்கே வந்து ஆறாவது சேர்த்தார்கள். தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், பக்கத்துப் பிள்ளைகள் சிரிக்கும். ஒரு வருசம் போனேன், அப்புறம் போகவில்லை. இப்போதும் நான் போர்டைப் படித்து முடிப்பதற்குள் பஸ் போய்விடும். இந்தப் பஸ்ஸைக்கூட நிறத்தைப் பார்த்துத்தான் ஏறினேன், டிக்கெட் வாங்க வேண்டாத பஸ் என்று.

எனக்கு ஒன்பது வயசு இருக்கும். ஒரு தோட்டத்தில் அறுநூறு அடி போட்டும் தண்ணீர் வரவில்லை. தோட்டக்காரர் கத்துகிறார். வண்டியில் இருந்தவர்கள் யாருக்கும் பாஷை தெரியாது. அப்பா என்னைக் கூப்பிட்டு, "என்ன புள்ள சொல்றான்?" என்றார். நான் அப்படியே சொன்னேன். அந்த ஆள் அப்பாவின் அம்மாவைப் பற்றிச் சொன்னதை, ஒரு வார்த்தை விடாமல். பள்ளிக்கூடத்தில் பாட்டு ஒப்பிப்பது மாதிரி. டிரில்லர் அண்ணன் கம்பியை எடுத்துவிட்டார். நடந்த அடிதடியில் அப்பாவுக்கு நெற்றியில் நாலு தையல். கட்டுப் போட்டுக்கொண்டு வந்ததும் என்னைத்தான் ஓர் அறை விட்டார். "அவன் ஆயிரம் சொல்லுவான். நீ ஏன் அப்படியே சொன்ன? பாதியை வழியில கொட்டிட்டு வர்றதுக்கு என்ன உனக்கு?"

அன்றைக்கு வந்த பழக்கம்.

கல்யாணம் ஆனதும் ஊத்துக்குளிப் பக்கம் இந்தக் கம்பெனியில் பிசிறு வெட்டப் போனேன். தைத்து வந்த பனியனில் நூல் தொங்கும் இல்லையா, அதை நறுக்குகிற வேலை. தலையைக் குனிந்து உட்கார்ந்தால் சாயந்திரம்தான் நிமிர்வேன், எனக்கு அது பிடித்திருந்தது. அப்புறம்தான் ஒடிசாவிலிருந்து பெண் பிள்ளைகளாகக் கூட்டிவந்து ஹாஸ்டலில் வைத்தார்கள். ஒருநாள் ஒருத்தி லைனில் மயங்கி விழுந்தாள். ஆளாளுக்குக் கத்துகிறார்கள். நான் குனிந்து, "காலையில் சாப்பிட்டாயா?" என்று ஒடியாவில் கேட்டேன். அவ்வளவுதான். அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

எச்.ஆர். சார் பார்த்துக்கொண்டே நின்றார். "ஏம்மிணி, இத்தனை நாளா எங்க ஒளிஞ்சிருந்த நீ? இனிமேல் நீதான் நம்ம ஒடியா டிபார்ட்மென்ட்டு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

அதிலிருந்து சனிக்கிழமை மத்தியானம் குறை கேட்கிற நேரம். சார் மேஜைக்குப் பக்கத்தில் நான் நிற்பேன். பிள்ளைகள் வரிசையாக வந்து அவர்கள் பாஷையில் சொல்லும், நான் தமிழில் சொல்வேன். சார் பதில் சொல்வார், நான் அதை ஒடியாவில் சொல்வேன். கம்பெனி வெப்சைட்டில் வேலைக்காரர்களுக்கு என்று ஒரு பக்கம் உண்டு, வெளிநாட்டில் துணி வாங்குகிறவர்கள் கட்டாயம் வைக்கச் சொன்னது. நோட்டீசெல்லாம் அதில் போடுவார்கள். அதையும் நான்தான் நோட்டில் ஒடியாவில் எழுதித் தருவேன், போட்டோ எடுத்து அதில் ஏற்றுவார்கள். பிள்ளைகள் என்னை நானி என்று கூப்பிடும். அவர்கள் ஊர்ப் பக்கம் அக்காவுக்கு நானி. என்னை யாரும் அக்கா என்று கூப்பிட்டதில்லை அதுவரைக்கும். வீட்டில் நான் ஒருத்திதான்.

நாலு வருசம். ஒரு சண்டை வந்ததில்லை, அக்கா. யாரை வேண்டுமானாலும் கேளுங்க.

பிள்ளைகள் வந்து, "சூப்பர்வைசர் பாத்ரூம் வாசலில் நின்று கையைத் தட்டுகிறான், அசிங்கமாகப் பேசுகிறான்" என்று அழும். அதை அப்படியே சாரிடம் சொன்னால் என்ன ஆகும்? சூப்பர்வைசர் ஆத்திரத்தில் இந்தப் பிள்ளைகளைத்தானே அதிகமாக வதைப்பார்? அதனால், "அண்ணன் கொஞ்சம் கோவக்காரருங்க சார், மத்தபடி ஒண்ணுமில்லைங்க" என்பேன். சார், "அவன் அப்படித்தான், வாய்தான் கெட்ட வாய், மனசு தங்கம்னு சொல்லு" என்பார். சில நாள் சாருக்கும் தலைவலி இருக்கும். "தின்னுட்டுத் தின்னுட்டுத் தூங்கறதுக்கா ரயிலேறி வந்தாளுக?" என்பார். அதை நான் பிள்ளைகளிடம், "நல்லாச் சாப்பிட்டு நல்லாத் தூங்கச் சொல்றார்" என்று சொல்வேன். பிள்ளைகள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போகும். சார், "பாரு, எவ்வளவு மரியாதையா இருக்குதுக" என்பார். ரெண்டு பக்கமும் முகம் கோணாமல் போவார்கள். அது சுலபமான வேலை இல்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் வீட்டுக்கு வந்தால் எனக்குச் சோறு இறங்காது.

குந்தளா என்று ஒருத்தி. ஓவர்லாக் தையல் மிஷினில் அவள் கை போகிற வேகத்தை நீங்கள் பார்க்க வேண்டும். எல்லோரிலும் என்னிடம் ஒட்டுதல் அவள்தான். நான் பிரசவ லீவு முடிந்து திரும்பி வந்த சமயம், பால் கட்டிக்கொண்டு மார் கனத்துப்போய் நின்றால், அவளுக்கு முகத்தைப் பார்த்தே தெரியும். தண்ணீர் எடுக்கப் போகிற மாதிரி வந்து என் பங்கு பனியனில் பாதியை அள்ளிக்கொண்டு போய்விடுவாள். அவளுக்கும் ஒரு பெண் குழந்தை, இவள் வயசுதான். கைக்குழந்தையாக இருந்தபோதே ஊரில் மாமியாரிடம் விட்டுவிட்டு வந்தவள். பேர் மாமுனி. "நம்ம ஊர்ல அது சாமியார் பேரு புள்ள, தாடி வச்சிருக்குதா உன் மகள்?" என்று கேட்டேன் ஒருநாள். குந்தளா விழுந்து விழுந்து சிரித்தாள். நான் சொல்லி ஒருத்தர் சிரித்தது அதுதான் முதல் தடவை.

குழந்தையா? நன்றாக இருக்கிறது, அக்கா. ஊரில்தான் இருக்கிறது.

அப்புறம் இந்த மெஷின் வந்தது. மெஷின் என்றால் பெட்டி கிட்டி ஒன்றும் இல்லை. வெப்சைட் தானாகவே மொழி மாறிக்கொள்ளுமாம். சென்னையிலிருந்து ஒரு மேடம் வந்தார், என்னைவிட ஒரு வயசு ரெண்டு வயசு பெரியவராக இருப்பார். ரெண்டு நாளில் எல்லாவற்றையும் செய்து முடித்துவிட்டார். "தமிழ்ல ஒரு நோட்டீஸ் போட்டா போதும் சார், பதினோரு மொழியில தானா வந்துடும். அவங்க அவங்க மொழியில எழுதற கம்ப்ளெயின்ட்டும் அந்த நிமிஷமே உங்களுக்குத் தமிழ்ல, துணி வாங்கற பையருக்கு அவங்க மொழியில போயிடும். நடுவுல ஆளே வேண்டாம்" என்றார். ஆளே வேண்டாம் என்று சொல்லும்போது என்னைப் பார்த்துச் சிரித்தார். கெட்ட மாதிரி இல்லை, நல்லபடியாகத்தான். நானும் சிரித்தேன்.

ஒடியா சரியாக வருகிறதா பார்க்கச் சொல்லி என்னை உட்கார வைத்தார்கள். பார்த்தேன். ஓர் எழுத்துத் தப்பில்லை. என் கையெழுத்தைவிட அழகு. ஆனால் எல்லாம் மொட்டையாக இருந்தது. "பத்து நிமிடத்துக்கு மேல் கழிப்பறையில் இருப்பவர்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் தரப்படும், மூன்று கடிதம் பெற்றவர் வேலையிலிருந்து நீக்கப்படுவார்." அதை அப்படியே எழுதி வைத்திருந்தது. நான் அதை, "தங்கைகளே, சீக்கிரம் வந்துவிடுங்கள்" என்று எழுதியிருந்தேன். மூணு வருசமாக அப்படித்தான் வெப்சைட்டில் இருந்தது.

"கரெக்டா இருக்கா?" என்று மேடம் கேட்டார்.

"நல்லா இருக்குங்க மேடம்" என்றேன்.

திங்கட்கிழமை திறந்துவிட்டார்கள். சாப்பாட்டு நேரத்தில் பிள்ளைகள் போனை வைத்துக்கொண்டு கூட்டமாக நிற்கிறார்கள். ஒருத்தி என்னிடம் வந்து, "நானி, இது எப்போதிலிருந்து? எனக்கு ரெண்டு கடிதம் கொடுத்திருக்கிறார்களே. நீங்கள் அதைப் படித்துப் பார்த்து, பத்திரமாக வைத்துக்கொள் என்றீர்களே" என்றாள். ஆமாம், பத்திரமாகத்தானே வைக்கச் சொன்னேன். தூக்கிப் போடச் சொல்லவில்லையே.

மெஷினுக்கு நயம் தெரியாது, அக்கா. அது ஒன்றுதான் அதன்மேல் எனக்குக் குறை. வேலை போனதில் எனக்கு வருத்தமில்லை, மறுபடியும் பிசிறுக்கு அனுப்பினார்கள், தலையைக் குனிந்து உட்கார்ந்துகொண்டேன். ஆனால் இருக்கிறதை இருக்கிறபடி போய்ப் போட்டு உடைத்தால் மனுசர்கள் எப்படிச் சேர்ந்து இருப்பது?

மறுநாள் செவ்வாய்க்கிழமை, குந்தளா காலையில் ஹாஸ்டலில் இருந்தபடியே போனில் அந்த வெப்சைட்டில் எழுதியிருக்கிறாள். பத்து மணிக்கு எச்.ஆர். சார் ஓட்டமும் நடையுமாகத் தளத்துக்குள் வந்தார். அவர் அப்படி வந்து நான் பார்த்ததில்லை. "யாரு புள்ள குந்தளா? உன் குழந்தைக்கு இவ்வளவு சீக்கா இருக்குதா? ஏன் யாருமே சொல்லல?"  அவருக்கும் சின்னப் பிள்ளைகள் இருக்கின்றன. அரை மணி நேரத்தில் டிக்கெட் போட்டுவிட்டார். மத்தியானம் கம்பெனி வேனிலேயே ஸ்டேஷனுக்கு அனுப்பினார். ஓட்டுகிற அண்ணன் கையில் வழிக்குப் பழமும் பிரெட்டும் வாங்கிக் கொடுத்தார்.

ரயில் போய்ச் சேர வியாழக்கிழமை ஆகிவிட்டது. குழந்தை புதன்கிழமையே போய்விட்டது.

நீங்கள் கேட்டபோது குழந்தை நன்றாக இருக்கிறது என்று சொன்னேன் அல்லவா. அது பழக்கம். வாயில் முதலில் அதுதான் வருகிறது. மன்னிச்சுக்குங்க அக்கா.

விசாரணை அதற்குத்தான். குந்தளா எழுதினது வெளிநாட்டுக்காரர்களுக்கும் போயிருக்கிறது அல்லவா? அதில் கடைசியில் ஒரு வரி இருந்திருக்கிறது. "மூன்று சனிக்கிழமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், யாரும் எதுவும் செய்யவில்லை." அதைப் பிடித்துக்கொண்டார்கள். யார் கேட்டது, யார் விட்டது என்று தெரிய வேண்டுமாம். இன்றைக்கு அங்கிருந்து ஒருவர் கம்ப்யூட்டரில் வந்து என்னைக் கேட்பார்.

முந்தாநாள் எச்.ஆர். சார் கூப்பிட்டு உட்கார வைத்தார். நாலு வருசத்தில் அந்த அறையில் நான் உட்கார்ந்ததே இல்லை. "அம்மிணி, ஒண்ணும் பயப்படாத. குந்தளா உங்கிட்ட அப்படி எதுவுமே சொல்லலைன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. ஏதோ பொதுவா ஊருக்குப் போகணும்னா, அவ்வளவுதான். உனக்கும் நல்லது, கம்பெனிக்கும் நல்லது. குழந்தை போயிருச்சு, இனி யாரைச் சொல்லி என்ன ஆகப்போகுது?" என்றார்.

சார் பொய் சொல்லச் சொல்லவில்லை, அக்கா. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அவர் காதுக்கு வந்தது அவ்வளவுதான்.

"சரிங்க சார்" என்றேன்.

நேற்று குந்தளா வந்தாள். சாமான்களை எடுத்துக்கொண்டு போக வந்திருக்கிறாள், இன்றைக்கு அவளையும் கேட்பார்கள். ஷிப்ட் முடிந்து, மிதுனாவைப் பார்த்துக்கொள்கிற வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு நான் வரும்போது ஹாஸ்டல் கேட்டில் நின்றாள். மொட்டையாக வெட்டினது மாதிரி முடி குட்டையாக இருந்தது, ஏன் என்று நான் கேட்கவில்லை. மிதுனா என் இடுப்பில் இருந்தாள். குந்தளா இவளைப் பார்க்கவே இல்லை. நான்தான் கிட்டே போய், "வா, எப்போது வந்தாய்?" என்று ஒடியாவில் கேட்டேன்.

அவள் போனை எடுத்தாள். அதில் அந்த வெப்சைட் பக்கத்தைத் திறந்தாள், பேசினாலே மொழி மாற்றித் தருமே, அதை. திறந்து, அதற்குள் ஒடியாவில் பேசினாள். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே போனுக்குள் பேசினாள்.

எனக்கு ஒடியா தெரியும். அவளுக்கு அது தெரியும். அவள் வாயிலிருந்து வரும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் போன் தமிழில் சொல்லி முடிக்கும் வரைக்கும் நான் நிற்க வேண்டியிருந்தது. செய்தி வாசிக்கிற பெண் மாதிரி ஒரு குரல். "நான் மூன்று முறை சொன்னேன். நீங்கள் அவரிடம் என்ன சொன்னீர்கள்?" அவள் நீ என்றுதான் கேட்டாள். நீங்கள் என்று மரியாதை போட்டது மெஷின். அந்த நீ ஒன்றைத்தான் அது வழியில் கொட்டிவிட்டு வந்தது.

போனை என் வாய்க்கு நேராக நீட்டினாள். தமிழில் பேசச் சொல்லி.

என்ன செய்ய? பேசினேன். "ஊருக்குப் போகணும்னு ஆசைப்படறா, அவசரம் ஒண்ணும் இல்லைங்க சார்னு சொன்னேன்." அதுதான் நான் சொன்னது. சாருக்கு அன்றைக்கு ஷிப்மென்ட் நெருக்கடி, இருக்கிற எரிச்சலில் குந்தளாவைத் திட்டிவிடுவாரோ என்று பார்த்துத்தான் சொன்னேன். தீபாவளி முடியட்டும் என்றார். அடுத்த சனிக்கிழமையும் அதையேதான் சொன்னேன். அதற்கடுத்த சனிக்கிழமையும். குந்தளாவிடம், "சார் பார்க்கிறேன் என்றார், நல்லதே நடக்கும்" என்றேன்.

போன் அதை ஒடியாவில் சொன்னது.

அக்கா, இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அதே குரல்தான், செய்தி வாசிக்கிற குரல். ஒரு வார்த்தை கூட்டவில்லை, ஒரு வார்த்தை குறைக்கவில்லை. நான் சாரிடம் சொன்னதை ஒடியாவில் நான் ஒருநாளும் கேட்டதில்லை. தமிழில் அது நல்லபடியாகத்தான் இருந்தது. அவசரம் ஒன்றும் இல்லை. குந்தளா கேட்டாள், நானும் கேட்டேன். ரெண்டு பேரும் கேட்டில் நின்றுகொண்டு அதைக் கேட்டோம்.

அவள் திட்டவில்லை. திட்டினால் எனக்குப் பழக்கம் உண்டு, எதை எடுத்துக்கொள்வது எதைக் கொட்டிவிடுவது என்று தெரியும். அவள் போனைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். மிதுனா அந்த நேரம் பார்த்துக் கையை நீட்டி அவள் துப்பட்டாவைப் பிடித்தாள், விளையாட்டாக. குந்தளா ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டாள். மெதுவாகத்தான், வலிக்காமல். அப்புறம் உள்ளே போய்விட்டாள்.

அப்போதிலிருந்துதான் இப்படி மரத்துப்போயிருக்கிறது.

கண்டக்டர் எழுந்துவிட்டார், அடுத்தது என் ஸ்டாப் போல. தாரணி என்று என் பேரைக் கூப்பிட்டதும் உள்ளே போக வேண்டுமாம். நான் ஒடியாவில் சொன்னாலும் சரி, தமிழில் சொன்னாலும் சரி, எதில் சொன்னாலும் அப்படியே போய்ச் சேருமாம். நடுவில் ஆள் கிடையாது. குந்தளா சொல்லவே இல்லை என்று நான் சொன்னால் அதுவும் அப்படியே போய்ச் சேர்ந்துவிடும், இல்லையா? குந்தளா பக்கத்து நாற்காலியில் இருப்பாள். அவள் பாஷையில் அவளுக்கும் கேட்கும்.

வழியெல்லாம் அவள் அன்றைக்குச் சொன்னதைத்தான் அப்படியே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன், அக்கா. நீங்கள் ஏறுவதற்கு முன்னால் வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தேன், வரவில்லை. உங்களிடம் ஒரு தடவை சொல்லிக்கொள்கிறேன். நீங்கள் யாரோ, நான் யாரோ.

காய்ச்சல் விட்டு விட்டு வருகிறது, வலிப்பு வந்துவிட்டது, மாமியாருக்குக் கண் தெரியாது, பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போக ஆளில்லை, என்னை அனுப்புங்கள், இல்லையென்றால் என் பிள்ளை செத்துப்போகும் என்றாள். மூன்று சனிக்கிழமை சொன்னாள்.

முதல் சனிக்கிழமையே எனக்கு நன்றாகப் புரிந்தது.

இந்தப் பையைக் கொஞ்சம் தோளில் மாட்டிவிடுங்க அக்கா. பிள்ளை எழுந்துகொள்வாள்.